நானூறு பாகத்து வெளிச்சம்

தூண்டிலிலிருந்து சுறாவைக் கழற்றியபோது அதன் தொண்டையில் ஏதோ சிக்கியிருந்தது.

நானூறு பாகம் ஆழத்திலிருந்து ஏறி வந்த சுறா. பெரிய பச்சைக் கண்கள். உச்சி வெயிலிலும் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

படகோட்டி இரண்டு விரலை விட்டு எடுத்தார். விரல் நீளத்தில் ஒரு கறுப்பு மீன். வயிற்றோரம் வரிசையாகப் புள்ளிகள்.

இருபத்தாறு வருடமாக இந்தச் சுறாவைப் பிடிக்கிறார். ஈரலை எடுத்து டிரம்மில் போடுவதோடு சரி. ஆழத்தில் அது எதைத் தின்கிறது என்று பார்த்ததில்லை.

புள்ளியில் ஒன்று மினுங்கியதா?

கையைக் குவித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். விரலிடுக்கில் வெயில் நுழைந்தது. தார்ப்பாய்க்கு அடியில் தலையை விட்டார். போதவில்லை.

படகிலேயே இருட்டான இடம் ஐஸ் அறைதான்.

அவர் உள்ளே இறங்குவதைக் கிளீட்டஸ் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியின் தம்பி. ஒரே படகு, ஒரே சட்டிக் குழம்பு. ஆனாலும் இரண்டு மாதமாகப் பேச்சில்லை.

போன தடவை நடுக்கடலில் இருக்கும்போது, அவன் அப்பா படுக்கையில் விழுந்த செய்தி சாட்டிலைட் போனில் வந்தது. “படகைத் திருப்புங்க மச்சான்” என்றான். கரைக்கு ஆறு நாள். அதுவரை தாங்காது என்று போனிலேயே சொன்னார்கள். சுக்கான் அவர் கையில் இருந்தது. திருப்பவில்லை.

கிழவர் எட்டாம் நாள்தான் போனார்.

ஐஸ் அறைக்குள் இறங்கி மூடியை இழுத்துச் சாத்தினார். கும்மிருட்டு.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு நீலப்பொட்டு. மூன்று. ஏழு. தூரத்துக் கடலிலிருந்து பார்த்தால் ஊர் விளக்குகள் இப்படித்தான் தெரியும்.

யாருக்குக் காட்டுகிறது? துணையைக் கூப்பிடவா? சுறாவிடம் மாட்டிவிட்டதும் இந்த விளக்குதானா?

மூடி திறந்தது. கிளீட்டஸ்.

“மூடு. மூடிட்டு இறங்கி வந்து பாரு.”

கொஞ்சம் தயங்கினான். இறங்கினான். மூடினான்.

அவன் மூச்சு அவர் கையில் பட்டது.

“உயிர் இருக்கா?”

“இல்ல.”

“பிறகு எப்படி எரியுது?”

“தெரியலையே.”

ஏழு நான்காயிற்று. நான்கு இரண்டாயிற்று. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசிப் பொட்டும் அணைந்தது.

யாரும் மூடியைத் தேடிக் கை நீட்டவில்லை.

“மச்சான், அப்பா என்னைக் கேட்டாரா? அக்காகிட்ட கேட்டா பேச்சை மாத்துறா.”

மனைவி அவரிடம் சொல்லியிருந்தாள். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றும் சொல்லியிருந்தாள்.

மீனை மெதுவாக ஐஸ் மேல் வைத்தார்.

“கேட்டாரு. எட்டு நாளும்.”

ஐஸ் சரிந்தது. கிளீட்டஸ் பக்கத்தில் உட்காருவது கேட்டது.

மேலே யாரோ மூடியைத் தட்டினார்கள்.

“திறக்காதீங்க” என்று கத்தினான் கிளீட்டஸ். பிறகு, தணிந்த குரலில், “என்ன சொல்லிக் கேட்டாரு?”