இரண்டு கையெழுத்து

"நாளைக்கு ஒரு லிஃப்ட் அறுந்து விழுந்தா, இவங்க வீடும் போயிடும். அதான சார் சட்டம்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

அதுதான் சட்டம் என்றேன்.

அவருக்குப் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டு, அதற்கு அடுத்ததில் உட்கார்ந்திருந்தார் அவரோடு தொழிலில் பார்ட்னராக இருக்கும் அந்த அம்மா. மடியில் கைப்பை. என் அலுவலகத்தில் அவர் எப்போதும் இப்போதே கிளம்பப் போகிறவர் மாதிரிதான் உட்காருவார்.

இரண்டு பேரும் சேர்ந்து லிஃப்ட் பராமரிக்கும் தொழில் நடத்துகிறார்கள். நான் அவர்களுடைய ஆடிட்டர். தொலைபேசியையும் கணக்கையும் அந்த அம்மா தன் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வார். எங்காவது லிஃப்ட் நின்றுபோனால் இவருக்குச் செய்தி அனுப்புவார். இவர் போய்ச் சரிசெய்துவிட்டு 'முடிந்தது' என்று பதில் அனுப்புவார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு கிடையாது.

போன மாதம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடி சறுக்கி நின்றது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. அன்றோடு லிஃப்ட்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. பார்ட்னர்ஷிப்பைக் கம்பெனியாக மாற்றியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

"எதுக்கு? இப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அந்த அம்மா.

நான் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன்.

நம் ஊர் மாதிரி இல்லை, இந்த நாட்டுச் சட்டத்தில் பார்ட்னர்ஷிப் என்றால் தொழில் தனியாக வரி கட்டாது. லாபத்தைப் பங்குப்படி பிரித்து அவரவர் தலையில் ஏற்றிவிடுவார்கள். கல்லாவிலிருந்து நீங்கள் ஒரு காசு எடுக்காவிட்டாலும் உங்கள் பங்குக்கு வரி உண்டு. நஷ்டஈடு என்று வந்தால் இன்னும் மோசம். யார் திருகாணியை ஒழுங்காக முடுக்கவில்லை என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். இருவர் சொத்திலும் கை வைப்பார்கள்.

லிமிடெட் கம்பெனி என்றால் போட்ட முதலோடு போய்விடும், வீட்டு வாசலுக்கு யாரும் வர மாட்டார்கள். ஆனால் வரி இரண்டு தடவை. கம்பெனி ஒரு தடவை கட்டும், லாபத்தை வீட்டுக்கு எடுத்துப்போகும்போது நீங்கள் ஒரு தடவை...

"அது நாமளா கேட்டாத்தான் சார்" என்று குறுக்கே வந்தார் லிஃப்ட்காரர். "இல்லன்னா பழைய மாதிரியே அவங்கவங்க பங்குக்கு மட்டும் கட்டலாம்னு போட்டிருக்கே."

அவர் சொன்னது சரிதான், நான்தான் அவசரத்தில் விட்டுவிட்டேன். சற்று முன் பதிவுக் கட்டணத்தைத் தப்பாகச் சொன்னபோதும் அவர்தான் திருத்தினார். வரித்துறையின் கையேட்டை மனுஷன் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். இப்படி நாலு பேர் வந்தால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

வரியும் ஏறாது, வீடும் தப்பும். அப்படியும் அந்த அம்மா மசியவில்லை. பிறகு என்னதான் தடை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் அவரே கேட்டார். "கம்பெனி ஆயிட்டா, வருஷக் கணக்குல கையெழுத்துப் போட ஒருத்தர் வந்தாலே போதுமா சார்?"

கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பார்ட்னர்ஷிப் கணக்கில் இருவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். கம்பெனிக்கு ஒருவர் போதும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போதும் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

லிஃப்ட்காரர் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

இவர்கள் விவாகரத்து வாங்கியபோது சொத்தை மதிப்புப் போட்டுப் பிரித்தவன் நான்தான். வீடு அந்த அம்மாவுக்கு, வேன் இவருக்கு. சோபா யாருக்கு என்றுகூட ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். தொழிலை மட்டும் பிரிக்கச் சொல்லி இருவருமே கேட்கவில்லை. நல்ல லாபம், விட மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். எண்களோடே பழகிய புத்தி வேறெங்கே போகும்? அதற்குப் பிறகு அவர்கள் ஒரே அறையில் உட்கார்வது வருடத்துக்கு ஒரு முறை, இங்கேதான்.

கையேட்டைக் கரைத்துக் குடித்தவருக்கு இந்த விதியும் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் அந்த வீட்டைக் காப்பாற்ற வந்திருக்கிறார்.

குடும்பக் கதை கேட்க நான் கட்டணம் வாங்குவதில்லை, அதனால் கேட்பதும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு மேஜையில் திறந்திருந்த ஃபைலை மூடி வைத்தேன்.

"இல்லம்மா. கம்பெனின்னாலும் ரெண்டு பேரும் நேர்ல வரணும். இப்ப மாதிரியே வருஷத்துக்கு ஒரு தடவை" என்றேன். இத்தனை வருடத் தொழிலில் நான் தெரிந்தே சொன்ன முதல் தப்பு அது.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். தொலைந்தேன், மறுபடியும் திருத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

திருத்தத்தான் செய்தார்.

"வருஷத்துக்கு ஒரு தடவை இல்ல சார். மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு போட்டிருக்கே."

"ஆமாமா, மறந்தே போச்சு" என்றேன்.

அந்த அம்மா மடியிலிருந்த கைப்பையை எடுத்து நடுவிலிருந்த காலி நாற்காலியில் வைத்துவிட்டு, பேனா கேட்டார்.