பத்து டன் தவறு

துணை விமானியின் ஆள்காட்டி விரல், விசைக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

“அது கடிக்காதும்மா. அமுக்கு” என்றார் இடது இருக்கையில் இருந்த கேப்டன்.

“இந்தத் தடவையும் போச்சுன்னா, வேற வேலை பாத்துக்கோன்னு வீட்டுல சொல்லிடுவாங்க சார்.”

கேப்டனுக்குப் பாவமாக இருந்தது. அவள் ஏற்கெனவே ஒருமுறை இந்தத் தேர்வில் தவறியவள் என்று காலையில்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். வழக்கமாக இடது இருக்கையில் உட்காருபவர் லீவு, நீங்கள் சும்மா துணைக்கு உட்கார்ந்தால் போதும் என்றும் சொல்லியிருந்தார்கள். பின்னால் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு தேர்வாளர் உட்கார்ந்திருந்தார்.

அது சிமுலேட்டர். உள்ளே அச்சு அசலாக விமானி அறை. வெளியே பெரிய கொட்டகை. இங்கே விமானம் மோதினால் ஆளுக்கு அடிபடாது, வேலைக்கு மட்டும் அடிபடும்.

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், ஆளுக்கொன்றாக இரண்டு சின்னத் திரைகள், அவற்றின் கீழே விசைகள். விமானத்தின் கணினியோடு பேச இதுதான் வழி. டைப்பிங் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள். எழுத்துகள் ஏ, பி, சி என்று பள்ளிக்கூட வரிசையில் இருக்கும்.

அடித்த எண் நேராகத் தன் இடத்துக்குப் போய்விடாது. திரையின் அடிவரியில் வந்து காத்திருக்கும். எந்தக் கட்டத்தில் போக வேண்டுமோ, அதற்குப் பக்கத்து விசையை அமுக்கினால்தான் மேலேறி உட்காரும். எல்லாக் கட்டமும் நிரம்பியதும் ‘எக்ஸிக்யூட்’ விசையில் விளக்கு எரியும். அதையும் அமுக்கிய பிறகுதான் கணினி நம்பும்.

அமுக்கும் முன் ஒரு விதி உண்டு. ஒருவர் அடிக்க வேண்டும். மற்றவர் அதை எடை, உயரம் எல்லாம் குறித்த தாளோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும். தவறு இருந்தால் ‘தப்பு’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்; அடித்தவரே திருத்த வேண்டும். சத்தமில்லாமல் திருத்திவிட்டால், தான் தவறியதே அடித்தவருக்குத் தெரியாது. நாளைக்கு நிஜ விமானத்தில், நிஜ ஆட்களை வைத்துக்கொண்டு, அதையே மறுபடி அடிப்பார்.

“நீங்களே பயிற்சியாளரா வந்துட்டா நல்லாருக்கும் சார். அதட்டவே மாட்டேங்கறீங்க.”

“மனு போட்டிருக்கேம்மா. எந்த மேசையில தூங்குதோ.”

பின்னால் தேர்வாளர் தொண்டையைச் செருமினார். “தூங்குற மனுவை அப்புறம் எழுப்பலாம். அடிக்கிற வேலையைப் பாருங்க.”

அவள் தாளைப் பார்த்தாள். பறக்கும் உயரத்தை அடித்தாள். சரிதானா என்று மறுபடி தாளைப் பார்த்தாள். கையிருப்பு எரிபொருளுக்கும் அதே பாடு. விமானத்தின் எடைக்கு மட்டும் தாள் பக்கமே திரும்பவில்லை. கடகடவென்று அடித்து, பக்கத்து விசையைத் தட்டி மேலே ஏற்றிவிட்டாள்.

48.4.

கேப்டன் தாளைப் பார்த்தார். 58.4.

பத்து டன் குறைவு. இனி விமானம் தன்னை இலேசானது என்று நினைத்துக்கொள்ளும். எழும்ப வேண்டிய வேகத்தையும் குறைத்தே கணக்குப் போடும். அந்த வேகத்தில் மூக்கைத் தூக்கினால், வால் ஓடுபாதையில் உரசிக்கொண்டு போகும்.

கேப்டன் சொல்வதற்கு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து தேர்வாளரின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. அவர் குனிந்து இருக்கைக்கு அடியில் துழாவினார். அவளோ தலையை அண்ணாந்து, மேலே இருந்த சுவிட்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

‘தப்பு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்ணின் பிழைப்பு போய்விடும். கேப்டன் வாயை மூடிக்கொண்டார். தன் பக்கத்து விசைகளில் 58.4 என்று அடித்தார். எடைக் கட்டத்துக்குப் பக்கத்து விசையைத் தட்டினார். பழைய எண் போய்ப் புது எண் உட்கார்ந்தது.

தேர்வாளர் மூடியோடு நிமிர்ந்தார்.

“எடை அம்பத்தெட்டு புள்ளி நாலு. சரி” என்று கேப்டன் கணீரென்று படித்தார். “எக்ஸிக்யூட் போடும்மா.”

அவள் போட்டாள். விமானம் அழகாக மேலெழும்பியது, கொட்டகையை விட்டு நகராமல்.

முடிந்ததும் தேர்வாளர் அறை விளக்கைப் போட்டார்.

“அவங்க எடை போட்டப்ப ஏதாவது தப்பு பாத்தீங்களா, கேப்டன்?”

“ஒரு தப்பும் இல்ல சார். பொண்ணு சுத்தமா அடிச்சா. யோசிக்காம பாஸ் போட்டு அனுப்புங்க.”

தேர்வாளர் தலையாட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா அடிச்ச?”

“நாப்பத்தெட்டு புள்ளி நாலு சார்” என்றாள், கேப்டனைப் பார்க்காமல். “நீங்க அடிக்கச் சொன்ன மாதிரியே.”

“சொன்ன மாதிரியா?” என்றார் கேப்டன்.

தேர்வாளர் அட்டையில் ஒரு கோடு கிழித்தார்.

“அவ போன மாசமே பாஸ். உங்க மனு எப்பவோ எழுந்தாச்சு. இன்னைக்குப் பரீட்சை உங்களுக்குத்தான், கேப்டன்.”