ஃபின் சொல்லப்போகும் பெயர்

"பெவன்னு ஒரு வார்த்தை சொல்லுடா, போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றாள் கெரின்.

பதினாறு வயது மகன் ஃபின் நிமிரவில்லை. மேஜைமேல் இருந்த பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டான்.

"பாத்தீங்களா ஹெலேனா? ஈஸ்டர்லேர்ந்து காரைக் கண்டாலே அலறறான். சனிக்கிழமை வெளிய கூட்டிட்டுப் போறானே அந்த உதவியாள் பெவன், அவன்தான் வண்டியில வச்சு என்னமோ செஞ்சிருக்கான். சிரிச்ச முகத்தை நம்பி மோசம் போயிட்டேன்."

இன்றைக்கும் ஃபின்னைக் காரில் ஏற்றப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. பர்னி நகரில் ஹெலேனாவின் அறைக்கு வந்து சேரும்வரை கெரின் வழக்கம்போல கார் ஃபோனில் தங்கை ட்ரேசியிடம் பெவனைக் கரித்துக் கொட்டிக்கொண்டே வந்தாள். ஃபின் பின்சீட்டில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான்.

"கேள்வி கேக்காதீங்க. காத்திருங்க," என்றாள் பேச்சுப் பயிற்சி தரும் ஹெலேனா. "தனி வார்த்தை இவனுக்கு வராது. மனசுல தச்ச வாக்கியம் முழுசா வரும், சொன்னவங்க குரலோடயே."

அது கெரினுக்கும் தெரியும். இதுவரை அவன் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான். டிவியில் ஃபுட்டி பந்தாட்ட வர்ணனையாளரின் "போயிடுச்சு, நடுவுல போயிடுச்சு", அந்த மூச்சிரைப்பு உட்பட.

"மத்ததை அப்புறம் பேசலாம் கெரின். அவன் இங்கதானே இருக்கான்."

"இருந்தா என்ன, அவனுக்கு என்ன புரியப்போகுது? பெவனோட வேலை இன்னிக்கே போகணும். போலீசுக்கும் போவேன்."

ஹெலேனா கவிழ்ந்து கிடந்த காரை நிமிர்த்தி, பின்சீட்டில் ஒரு குட்டிப் பொம்மையை உட்காரவைத்து, ஃபின் பக்கம் மெல்லத் தள்ளினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். துறைமுகத்தில் கப்பலுக்கு மரத்துண்டு ஏற்றும் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஃபின்னின் உதடு அசைந்தது.

கெரின் அவசரமாக ஃபோனை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினாள். இவன் பேசிக் கேட்கத்தானே இத்தனை வருடம் தவம் கிடந்தாள்.

"சொல்லு கண்ணா. அம்மா இருக்கேன், பயப்படாதே."

அவன் வாய் திறந்தான். பெவனின் கரகரத்த ஆண்குரல் அதில் இல்லை. அழுது அழுது அடைத்துப்போன ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"தூக்கத்துலயே இவன் போய்ச் சேந்துட்டா எனக்கு நிம்மதிடி, ட்ரேசி."