பால் காய்ச்சிய பிணம்

"நான் தனிக்குடித்தனம் போன அன்னிக்கு ஒரு பொணம் எழுந்து வந்து எனக்குப் பால் காய்ச்சிக் குடுத்துச்சு" என்றான் பூமாலை.

கள்ளக்குறிச்சியில் தான் வளர்ந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்கு விருந்தாளியாக வந்திருந்தான். பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு அவனை மொய்த்துக்கொண்டார்கள்.

மணிமொழி மட்டும் தட்டைத் தொடவில்லை. பதினெட்டு முடிந்துவிட்டது, நாளை அவள் இல்லத்தை விட்டுப் போயாக வேண்டும். கச்சிராயபாளையத்தில் தையல் வேலை கிடைத்திருந்தது, அறையும் பார்த்தாயிற்று. ஆனால் சொந்தமென்று பெரியவர் ஒருவர் வந்து பால் காய்ச்சினால்தான் சாவி என்று வீட்டுக்கார அம்மா ஒரே பிடியாக நின்றாள். நாளைக்கென்று பார்த்து இட ஒதுக்கீட்டுக்காக மறுபடியும் சாலை மறியல். யார் வருவார்கள், எப்படி வருவார்கள்?

"புளுகறான்" என்றார் கண்காணிப்பாளர் தெய்வசிகாமணி. அவர் சட்டைக்குப் போடும் கஞ்சியில் பத்துப் பேர் பசியாறலாம். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பூமாலை அசரவில்லை. போன வருஷம் அவன் குடிபோன அன்றும் மறியல்தான். வெட்டிச் சாய்த்த மரங்களில் எறும்புக்கும் வழியில்லை. அவனுடைய புது வீட்டுக்குச் சீர்வரிசையாகக் கயிற்றுக் கட்டில் சுமந்து வந்த இல்லத்துக்காரர்களை மறியல்காரர்கள் மடக்கி, சாவைத் தவிர எதுவும் போகக் கூடாது என்றார்களாம். அடுத்த நிமிஷமே கட்டிலில் ஒரு பிணம் முகத்தை மூடிக்கொண்டு நீட்டிப் படுத்துவிட்டது. பொடிசுகள் வைத்த ஒப்பாரியில் மறியல்காரர்களே விசும்பிக்கொண்டு மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள். இரண்டு பேர் மனசு கேளாமல் அஞ்சு மைல் தோளும் கொடுத்தார்கள்.

"வாசல்ல எறக்குனதும் பொணம் எழுந்து அடுப்பு எங்கன்னு கேட்டுச்சு. அந்த ரெண்டு பேரும் ஓடுன ஓட்டத்துல கல்வராயன் மலையே ரெண்டு அடி நவுந்துக்கிச்சு. வூட்டுக்கார அம்மா சாவியைத் தட்டுல வெச்சுக் குடுத்தாங்க."

இப்படியும் ஒரு பொய்யா என்றார் தெய்வசிகாமணி. அன்றைக்கு விழுப்புரத்தில் மீட்டிங்கில் இருந்தாராம். இங்கே இருந்திருந்தால் ஒருவரையும் வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டாராம்.

மணிமொழி தட்டை நகர்த்தினாள். "அண்ணன் என்னைச் சிரிக்க வெக்கத்தான் சொல்லுது சார். எனக்குன்னு யாரும் வர வாணாம். ரூமும் வாணாம், வேலையும் வாணாம்."

தெய்வசிகாமணி கஞ்சிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"விழுப்புரத்துல அன்னிக்கு மீட்டிங்கே இல்லம்மா. இவன் சொன்னது அத்தனையும் நெசந்தான்" என்றார். பிறகு பூமாலையிடம் திரும்பினார். "கட்டிலத் தூக்க நாலு பேரப் பாருடா. போன வருஷம் மாதிரியே நான் படுத்துக்கறேன்."