ஈரோடு பஸ்ஸும் ஏழாவது சி.டி.யும்

மெஷின் ஓடும், சத்தம் கேட்காது. பெட்டி பெட்டியாகச் சாமான் வெளியே வரும், தூக்க ஆளிருக்காது. கூரை இருக்கும், மழைக்கு ஒதுங்க முடியாது. அது என்ன ஃபேக்டரி? சொல்லுங்கள் பார்ப்போம்.

சிந்துவாலும் சொல்ல முடியவில்லை.

"கனவுல வர்ற ஃபேக்டரியாப்பா?" என்றாள்.

"கிட்ட வந்துட்டே. கம்ப்யூட்டருக்குள்ள ஓடற ஃபேக்டரி" என்றான் பாலசுப்ரமணியன். "நிஜமாக் கட்டறதுக்கு முன்னாடி இதுல ஓட்டிப் பார்த்துப்பாங்க. அதுக்குப் பேரு சிமுலேஷன். அதுக்குள்ள புதுசா ஒரு மெஷின் வேணும்னா, அதைச் செஞ்சு மாட்டி விடறது அப்பா வேலை. மாட்டற துண்டுக்குப் பேரு பிளக்-இன்."

"இப்ப அதைத்தான் செய்றியா?"

"இப்ப அடுப்பு மட்டும்தான் மூட்டறேன். சமையல் நாளைக்கு."

அடுப்பு மூட்டுவதே பெரிய பாடாக இருந்தது. அது புதுக் கம்ப்யூட்டர். முதலில் கம்பைலர், பிறகு அதற்குத் துணையானவை, கடைசியில் சிமுலேஷன் மென்பொருள் என்று ஏழு சி.டி.யை வரிசை பிசகாமல் ஏற்ற வேண்டும். நடுவில் நின்றுபோனால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடியும் முதல் சி.டி. காலையில் உட்கார்ந்தவன் இப்போதுதான் ஏழாவதில் பாதியைத் தாண்டியிருந்தான். ஜெர்மனிக்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய வேலையை, கூட வேலை செய்யும் தமயந்தி நாளைக் காலையில் இதில்தான் தொடங்க வேண்டும்.

இது முடிந்தால் அப்பாவும் மகளும் சாயங்காலம் ஈரோடு பஸ் ஏறலாம். ஈரோட்டில், பிரசவத்துக்குப் போன அம்மா ஷோபாவின் மடியில், சிந்து இன்னும் பார்க்காத தம்பி இருந்தான்.

அன்று ஆயுத பூஜை. பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் எந்த ஷெட்டைப் பார்த்தாலும் வாழைக்கன்று. இந்த ஆபீசிலும் எல்லாக் கம்ப்யூட்டரையும் மெயின் ஸ்விட்சோடு அணைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள், பாலசுப்ரமணியனுடையதைத் தவிர. மேனேஜர் அப்பாதுரை பட்டு வேட்டி சரசரக்க, சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக மேஜை மேஜையாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"சிந்து, எழுந்திரிக்காதே. எதையும் தொடாதே. வாசல்ல பூசணிக்காய் உடைச்சுட்டு வந்துடறேன்" என்று பாலசுப்ரமணியன் வாசலுக்குப் போனான்.

உடைத்துவிட்டு வந்து பார்த்தால், திரை கறுப்பாக இருந்தது.

"என்னடி பண்ணினே?"

"நான் தொடலப்பா."

"அப்ப யாரு தொட்டது? சரஸ்வதியே இறங்கி வந்து அணைச்சாளா?"



கூட்டம் கூடிவிட்டது. பொரியும் கடலையும் கொறித்துக்கொண்டே வந்த தமயந்தி, "போச்சு! பாலு, ஈரோட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றாள்.

அப்பாதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பிடு பாலு, பிடு! விட்டுடுய்யா! நல்ல நாளும் அதுவுமா கொழந்தையைப் போய்த் திட்டிக்கினு."

"என் தப்பு சார். இவளை இங்க உக்கார வச்சிருக்கவே கூடாது."

"நீ கிளம்பு. போய் பஸ்ஸைப் புடி. ஏழு சி.டி.தானே? நான் ஏத்திக்கறேன்."

"நீங்களா சார்? வீட்ல விருந்தாளிங்க வந்திருக்காங்கன்னீங்களே?"

"விருந்தாளிங்க எங்க ஓடிப் போவாங்க? என் மெஷினுக்குப் போன மாசம் நான்தானே போட்டேன்? உன் புள்ள மூஞ்சியைப் போய்ப் பாருய்யா!"

சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் கம்ப்யூட்டரின் முகப்பை அழுத்தித் துடைத்தார். தானே அதைப் போட்டு, முதல் சி.டி.யைச் செருகினார்.

ஆபீசே உருகிப்போயிற்று.

"மேனேஜர்னா இப்படி இருக்கணும். எங்க வீட்ல ஒருத்தர் இருக்காரே, டம்ளரை உடைச்சாலே ஒரு வாரம் பேசுவாரு" என்றாள் தமயந்தி.

பாலசுப்ரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளைத் தனியே அழைத்தான்.

"எவ்வளவு பெரிய மனசு பாத்தியா? நீ செஞ்சதுக்கு அந்த அங்கிள் கஷ்டப்படறார். போய் சாரி சொல்லு. சொல்லாட்டி பஸ் கிடையாது."

சிந்து அப்பாவைப் பார்த்தாள். பிறகு அப்பாதுரையைப் பார்த்தாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அவர் அருகே போய், எட்டி அவர் காதோடு பேசினாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த பாலசுப்ரமணியனுக்கு அது கேட்டுவிட்டது.

சிந்து சாரி சொல்லவில்லை. "நான் யார்கிட்டயும் சொல்லல அங்கிள். அடுத்த வருஷம் பட்டன் மேல பொட்டு வைக்காதீங்க" என்றாள்.