இரண்டாவது கோடு

"இந்த வருஷம் புதுசா ஒருத்தருக்குக்கூட எச்.ஐ.வி. இல்லையா?" என்று கேட்டார் ஆலோசகர் அக்கா.

"இல்லக்கா. பேசிப் பேசியே எல்லாரையும் திருத்திட்டீங்க. இப்ப மூட்டையைக் கட்டுங்க" என்றான் லேப் டெக்னீஷியன். ஒரு வருஷத்தில் புதிய தொற்று ஒன்றுகூடப் பதிவாகாத எச்.ஐ.வி. மையத்துக்கு நிதி நின்றுவிடும். இந்த வருஷக் கணக்குக்கு இன்றுதான் கடைசி நாள்.

"இங்க மாத்திரை வாங்குற இருநூறு பேரு?"

"அடுத்த மையத்துக்கு அஞ்சு மணி நேரம் பஸ்ல போகணும். பாதிப் பேர் விட்டுடுவாங்க."

அக்கா எழுந்து போனார்.

மதியம் நர்ஸ் அன்றைய கடைசி ரத்த மாதிரியை அனுப்பினார். பெயர் கிடையாது, நாற்பத்தொன்று என்ற எண் மட்டும். பரிசோதனை அட்டையில் ஒரு கோடு விழுந்தால் தொற்று இல்லை, இரண்டு விழுந்தால் உண்டு. உறுதிசெய்ய அடுத்தடுத்து வைத்த மூன்று அட்டைகளிலும் இரண்டாவது கோடு மெல்லச் சிவந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே கூசிப்போனான்.

"நாப்பத்தொண்ணு, உள்ள வாங்க!"

அக்கா வந்து நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயோ அக்கா, எப்ப?"

"பதினோரு வருஷமாச்சு. மாத்திரை கிருமியை அடக்கும் தம்பி, கோட்டை அழிக்காது. புதுசுன்னு எழுதி அனுப்பு."

"தொற்றுன்னு எழுதினா பேரும் தலைமை ஆபீசுக்குப் போகும். அங்கதானே உங்க பொண்ணு வேலை பாக்குது?"

"அவ கேட்டா, இன்னைக்குத்தான் தெரிஞ்சதுன்னு சொல்லு" என்றார் அக்கா. "இத்தனை வருஷம் மறைச்சேன்னு மட்டும் சொல்லிடாத."