முன்கூட்டியே ஒரு மொட்டை

உச்சந்தலையில் கத்தி பட்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அம்மன் மேல்.

புருஷனுக்குக் குணமானால் மொட்டை என்றுதான் சமயபுரத்தாளிடம் வேண்டியிருந்தாள்.

குணமாகவில்லை.

முந்தாநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவன் பேசினால் போனில் யாருக்கும் விளங்காது. அதனால் எல்லா அழைப்பும் அவளுக்குத்தான் வரும். புற்று என்று குரல்வளையை எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. கழுத்திலிருக்கும் துளையை விரலால் மூடினால் கரகரவென்று நாலு வார்த்தை வரும், அவ்வளவுதான்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர்.

அவள் சந்தோஷப்படுவதற்குள் அடுத்ததையும் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் கட்டியின் டி.என்.ஏ. தெரிகிறது. எங்கேயோ ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும்வரை விட்டுவைக்க வேண்டாம். திங்கட்கிழமை கூட்டிவாருங்கள், கீமோ ஆரம்பித்துவிடலாம்.

ஆனால் அவன் எப்போதோ சொல்லிவிட்டான். மறுபடி வந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும், இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று. பிடிவாதக்காரன். சொன்னால் சொன்னதுதான்.

அதனால் வாய் கூசாமல் பொய் சொன்னாள். எல்லாம் சரியாகிவிட்டது, வேண்டுதலை முடித்துவிட்டு வந்துவிடலாம் என்றாள். அவனும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

முடியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு அம்மன் எப்படிக் கையை விரிப்பாள்? அதையும் பார்த்துவிடலாம்.

ஈர முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. இடுப்புவரை இருந்த முடி. அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

திங்கட்கிழமை என்ன சொல்லிக் கூட்டிப்போவது?

பயமாக இருந்தது.

எழுந்து, வெறும் தலையைத் தடவிக்கொண்டே திரும்பினாள்.

அவளுடைய பையும் போனும் அவனிடம் இருந்தன. போனில், திங்கட்கிழமை கீமோ என்று ஆஸ்பத்திரி அனுப்பிய குறுஞ்செய்தி திறந்திருந்தது.

அவன் போனைப் பார்க்கவில்லை. அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

முடி எடுப்பவர் கத்தியில் புது பிளேடு மாட்டினார்.

“ஐயா, நீங்களும் உக்காருங்க.”

அவன் கழுத்துத் துளையை விரலால் மூடினான்.

“எனக்கு வேணாம்ப்பா. திங்கக்கிழமை ஊசி போட்டா, அதுவே கொட்டிரும்.”